சுவிட்சில் இரண்டு சொல்

கொணவட்டத்தில் எங்கள் ஷெட்டுகளுக்கு நடுவே
ஒரே தகரம்.
அந்தப் பக்கம் எஞ்சின், அதாவுல்லா.
இந்தப் பக்கம் ஏசி, நான்.
பதினேழு வருஷமாக வருகிறவர்களிடமெல்லாம்
அவன் ஓதிய ஒரே பாடம்:
"ஏசியப் போட்டா வண்டி இழுக்காது சார்.
அவன் கம்ப்ரசர் என் குதிரையத் துன்னுது."
பொய்யில்லை, துன்னும்தான்.
அதனால்தான் நான் பதில் சொன்னதில்லை.

கத்திரி பிறந்த ஆறாம் நாள்
தகரத்தைத் தட்டினான்.
"இன்னாபா, கொஞ்சம் குளிர் கடன் குடு."

வண்டி தனகோட்டியின் காண்டெஸா.
கல்குவாரிக் காசில்
புதுப்பேட்டையில் எடை போட்டு வாங்கிவந்த
சூப்பர்சார்ஜர் அதன் தலையில்.
காற்றைப் பிடித்து இறுக்கி
எஞ்சின் வாயில் திணிக்கிற யந்திரம்.
இறுக்கினால் எதுதான் சும்மா இருக்கும்?
சைக்கிளுக்குப் பம்ப் அடித்த கைக்குத் தெரியும் அந்தச் சூடு.
வெளியே நாற்பத்து மூன்று டிகிரி
உள்ளே நுழையும்போது தொண்ணூற்றாறு.
மிதித்தால்
டப்பாவில் ஜல்லி குலுக்கும் சத்தம்.
முன்னால் ஒரு கூலர் வைத்துப் பார்த்திருக்கிறான்.
அதுவும் இந்த ஊர்க் காற்றைத்தானே குடித்தாக வேண்டும்?

நாலு நாள்.
செம்புக் குழாயை முழங்காலில் வளைத்தேன்.
பத்து லிட்டர் அலுமினியப் பெட்டி,
அதற்குள் என் குளிர்ச்சுருள்,
சுற்றிலும்
ஆம்பூர் ஷூ கம்பெனி கழித்துப் போட்ட ஃபோம்.
யாரோ ஒருவரின் குதிகாலுக்கென்று வெட்டி
அளவு தப்பிய துண்டுகள்.
பெட்டித் தண்ணீர் குளிரும்,
தண்ணீர் காற்றைக் குளிர வைக்கும்,
குளிர்ந்த காற்றில் நெருப்புக்குச் சோறு அதிகம்.

ஒரு கணக்கு மட்டும் இடித்தது.
கம்ப்ரசரைச் சுற்றுவது யார்? எஞ்சின்.
குளிர் யாருக்கு? எஞ்சினுக்கு.
தன் பாக்கெட்டிலிருந்தே எடுத்துத்
தனக்கே வட்டிக்கு விடுகிறவனை
வேலூரில் என்னவென்று சொல்வார்கள்?
"சீட்டு மாதிரி வையி," என்றான் அதாவுல்லா.
"சும்மா போறப்போ கட்டு.
மிதிக்கிறப்போ எடு.
எடுக்கிறப்போ கம்ப்ரசரை நிறுத்திடு."

பதினேழு வருஷத்தில் முதல் தடவையாக
அவன் சொன்னதை நான் எழுதிவைத்தேன்.

கடைசியில் டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச்.
வெள்ளைப் பெயின்டில், குச்சியால்:
மேலே ஆள். கீழே எஞ்சின்.
இரண்டுக்கும் சேர்த்துத் தர
என்னிடம் குளிர் இல்லை.

மத்தியானம் இரண்டு மணி.
பள்ளிகொண்டா டோலுக்கு முன்பு
எட்டு நிமிஷம் கிழவனைப் போல ஓட்டினான்,
சீட்டு கட்டியபடி.
சுவிட்ச் கீழே.
கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் மூன்று பேர்
இட்லிக் குண்டானில் வெந்துகொண்டிருந்தோம்.
பிறகு மிதித்தான்.

ஜல்லிச் சத்தம் இல்லை.
மீட்டரில் முப்பத்து நாலு.
முதுகு சீட்டுக்குள் போனது.
ஒரு மணல் லாரி, ஒரு ஆரணி பஸ்,
பெயர் படிப்பதற்குள் ஒரு கோயில் வளைவு.

நாற்பது விநாடி.
அவ்வளவுதான் பெட்டியில் இருந்தது.

தனகோட்டி சட்டையைப் பிழிந்தார், நிஜமாகவே.
"எல்லாம் சரி. என் வீட்டம்மா ஏறினா?"
அதாவுல்லா சுவிட்சைப் பார்த்தான்.
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
யாரும் அதை மேலே தள்ளவில்லை.
விரிஞ்சிபுரம் வரைக்கும்
அடுத்த நாற்பதுக்குக் கட்டிக்கொண்டே வந்தோம்.

ஷெட்டில் பானட்டைத் திறந்தபோது
என் குழாயும் வியர்த்திருந்தது,
அது மட்டும் குளிரில்.
அதாவுல்லா அதன் மேல் உள்ளங்கையை வைத்தான்,
எடுத்தான்,
ஈரத்தைக் கழுத்தில் தடவிக்கொண்டான்.
"துன்னட்டும்," என்றான்.