ராஸ்க்கின் பத்தியம்

ராஸ்க் என்றால் எங்கள் பேச்சில் விரைவு.
பதின்மூன்று வயதில்
அந்தப் பெயரைக் கூப்பிட்டால்
முதலில் ஒரு காது எழும்,
பிறகு மற்றது,
பிறகு கடன் கேட்க வந்தவளைப் பார்ப்பதுபோல
என்னைப் பார்க்கும்.
எழுந்து வருவது அப்புறம்.

ஒன்பது குளிர்காலம் அணியின் தலையில் ஓடியது.
முன்னேர் போன வழியில் பின்னேர்:
இது திரும்பிய பக்கம் பதினோரு நாய்கள் திரும்பின,
பின்னால் வண்டி, வண்டியில் நான்.
ஒருமுறை உறைந்த ஆற்றில் கால் வைக்க மறுத்து நின்றது.
வாயில் வந்தபடி திட்டினேன்.
மறுநாள் அதே இடத்தில்
கறுப்பாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

காரஷோக்கில் மாரெட் அதைத் தராசில் நிறுத்தினாள்.
இரண்டு கிலோ கூடுதல்.
உதட்டை விரலால் தூக்கி
அழுகிய கடைவாய்ப் பல்லைக் காட்டினாள்.
"நோய்க்கு வாசலே இதுதான், சுன்னிவா.
வாசலைத் திறந்துபோட்டு
உள்ளே காவலுக்கு ஆள் தேடுகிறாய்."
நான் வாங்கிவந்த டப்பாவைத்தான் சொன்னாள்.
மூடியில் ஓநாய்ப் படம்,
எதிர்ப்புச் சக்தித் தூள்,
விலை அரை மூட்டை உலர்மீன்.
திறக்காமலே திருப்பிக் கொடுத்தாள்.

பல் போனது.
சிறுநீரகம் கொஞ்சம் களைத்திருக்கிறது என்றது ரத்தம்.
அன்றிலிருந்து பத்தியம்:
அளந்து வைக்கும் தட்டு,
உப்பில்லாமல் வெந்த மீன்,
சால்மன் எண்ணெய் ஒரே ஒரு அழுத்து.
என் தட்டிலிருந்து எதுவும் கிடையாது.
மேசைக்கடியில் அதன் மூச்சு
என் முழங்காலில் படும்போது மட்டும்
சட்டம் கொஞ்சம் தளரும்.
மாரெட்டிடம் சொல்ல வேண்டாம்.

மார்ச்சில், பந்தயம் முடிந்து
தெற்கிலிருந்து வந்த ஓர் அணி எங்கள் முற்றத்தில் தங்கியது.
இருமலை விட்டுவிட்டுப் போனது.
ஐந்தாம் நாள் எட்டு இளசுகள்
தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல் செருமின.
அவை தேறிவிடும், இளரத்தம்.
"கிழத்தை மட்டும் பிரித்து வை," என்றாள் மாரெட்,
"வருஷா வருஷம் மூக்கில் சொட்டு விட்டிருக்கிறோம்,
இருந்தாலும் அதன் உடம்பிலுள்ள படைவீரர்களுக்கும்
அதே வயதுதான்."

குளியலறையில் வைத்தேன்.
சூடான தரை, தடித்த விரிப்பு.
முற்றத்துக்கு ஒரு பூட்ஸ், வீட்டுக்கு ஒரு பூட்ஸ்.
கழுவிக் கழுவி என் விரல்கள் வெடித்தன.
சொகுசை அது மதிக்கவில்லை.
வெளியே தட்டுகள் உருளும் சத்தம் கேட்டதும்
கதவைப் பார்த்து ஊளையிட்டது,
வேலைக்கு நேரமாகிவிட்டது என்பதுபோல.
இரவில் துவாலைகளுக்கு நடுவே உட்கார்ந்து
அதன் விலாவில் காது வைத்துக் கேட்டேன்.
இருமல் இல்லை.
என் நெஞ்சுதான் இரைந்தது.
அப்போதுதான் நினைவு வந்தது,
அதன் ஊசிகளுக்கெல்லாம் நாட்காட்டியில் சிவப்பு வட்டம்,
எனக்குப் போட வேண்டியதை
மூன்று இலையுதிர்காலமாகத் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

கடைசி இருமல் அடங்கி இரண்டு வாரம் கழித்து
கதவைத் திறந்தேன்.
தினமும் கொஞ்சம் நடக்கட்டும் என்றிருந்தாள்:
தபால்பெட்டி வரை, நானூறு மீட்டர்.
சேணத்தைக் கையில் எடுத்ததும்
பின்னங்கால்கள் நடுங்கின.
வலியா, குஷியா,
இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

சின்ன உதைவண்டியில் கட்டினேன்.
கிளைவழியில் தபால்பெட்டியை ஏறெடுத்தும் பாராமல்
ஆற்றுப்பக்கம் திரும்பியது.
நானும் திரும்பினேன்.
வேறென்ன செய்ய, பழக்கம்.
முந்நூறு மீட்டரில் பனியில் உட்கார்ந்துவிட்டது.
வெட்கப்படவில்லை,
இளைப்பாறுவதாகக்கூடக் காட்டிக்கொள்ளவில்லை.
தூக்கி இருக்கையில் வைத்து
நான் தள்ளினேன்.
வழி முழுக்கக் காதை நிமிர்த்தி முன்னால் பார்த்தபடி வந்தது.
ஓரிடத்தில் வலப்பக்கம் தலையை அசைத்தது.
வலப்பக்கம் போனேன்.

ராத்திரி மாத்திரையை ஈரல் பசையில் புதைத்துக் கொடுத்தேன்.
நக்கித் தீர்த்து, நல்ல பிள்ளையாய்ப் படுத்துக்கொண்டது.
காலையில் விரிப்பை உதறினேன்.
மாத்திரைகள். ஆறோ ஏழோ.
எல்லாம் சுத்தமாக நக்கப்பட்டு,
வெள்ளை வெளேரென்று.