காலை மாத்திரைக்கு முன்

நாலே முக்கால் பஸ்.
காலை மாத்திரை சட்டைப்பையில் இருக்கிறது,
பீடி லேபிளில் மடித்து.
ரத்தம் எடுத்த பிறகுதான் விழுங்க வேண்டும்.
குடியாத்தத்திலிருந்து பள்ளிகொண்டா வரைக்கும்
என் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள்
குணவதி.

வேலூரில் வரிசை. நூற்றுப் பதினேழு.
ஊசி போடுகிற பெண்
முழங்கை மடிப்பைத் தட்டித் தட்டி
பாலாற்று மணலில் ஊற்று தேடுகிறாள்.
"கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு?"
"நேத்து ராத்திரி ஒம்பதுக்கு."
அது நிஜம்.
அதற்கு முந்தின மாதத்தை அவள் கேட்கவில்லை.

தோல் ஷாப்பில் எனக்கு ராத்திரி காவல்.
முழுசாகப் போட்டால் பன்னிரண்டுக்கே தலை தொங்கிவிடுகிறது.
ஒருமுறை மேஸ்திரி முகத்தில் டார்ச் அடித்து எழுப்பினார்.
அதிலிருந்து பாதி.
சில ராத்திரி அதுவும் இல்லை.
ரத்தம் கொடுக்கும் தேதிக்குப் பத்து நாள் முன்னால் மட்டும்
பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரி
வேளை தவறாமல் விழுங்குவேன்.

மூன்று தடவையும் பாஸ்.
"அளவு சரியாத்தான் இருக்கு,
அப்புறம் ஏன் வருது?"
டாக்டர் என்னைக் கேட்கவில்லை, காகிதத்தைக் கேட்டார்.
காகிதம் சொன்னபடி இரண்டாவது மருந்து வந்தது.
பிறகு மூன்றாவது.
அதன் ஒரு அட்டை
குணவதி இரண்டு நாள் சுற்றுகிற பீடி.
எனக்கோ உள்ளங்கையில்
யாரோ அழுத்திய சாவிக்கொத்தின் தழும்பு,
புதிது புதிதாக.

இன்றைக்கு நாலாவதை எழுதப் பேனா திறந்தார்.
அவள் கூடையிலிருந்து
என் பழைய டார்ச்சை எடுத்தாள்.
அது எரிந்து ஒரு வருஷம் ஆகிறது.
மூடியைத் திருகி மேஜையில் கவிழ்த்தாள்.
பேட்டரி விழவில்லை.

பாதிகள்.
பீடி எண்ணுகிற விரல்கள், பார்க்காமலே:
"ஒரு கட்டு. ரெண்டு கட்டு. மேல ஒம்பது."
என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
எப்போதிலிருந்து தெரியும் என்று
நானும் இதுவரை கேட்கவில்லை.

டாக்டர் பேனாவை மூடினார்.
கத்தியிருந்தால் நன்றாயிருக்கும்.
"ரெண்டு மாசம் முழுசா போடுங்க. நடுவுல
ஏதாவது ஒரு நாள் போன் பண்ணுவோம்,
மறுநாள் காலைல வந்து ரத்தம் கொடுங்க.
அதுக்கப்புறமும் வந்துதுன்னா
அப்பத்தான் இது அடங்காத வலிப்பு.
இப்ப எனக்கு ஒண்ணும் தெரியாது."
பகல் வேலை தரச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்தார்.
மேஸ்திரியிடம் காட்டினால்
பகல் வேலையும் இருக்காது.

குழாயடியில் மாத்திரையை விழுங்கினேன்.
"வாயத் திற" என்றாள்,
வரிசையில் நிற்கிற அத்தனை பேரும் பார்க்க.
திறந்தேன்.