பொத்தான் இரண்டு

நாங்கள் வரும்வரை கிளப்பவேண்டாம் என்று
நேற்றே சொல்லியிருந்தேன்.
லாஸ்பேட்டை, காலை ஆறரை.
பானட்டில் உள்ளங்கை வைத்த ரவூஃப்
என்னைப் பார்த்தார். இளஞ்சூடு.
"பால் வாங்கப் போனேன்" என்றார் விற்பவர்.
தெருமுனையில்தான் பால்.

ரவூஃப் வாயே திறக்கவில்லை.
சீட் பெல்ட்டைக் கடைசி முழம்வரை உருவி மோந்தார்.
வெள்ளத்தில் நின்ற வண்டி
எத்தனை ஷாம்பு போட்டாலும்
அங்கேதான் சேற்றை ஒளித்துவைக்குமாம்.
ஒன்றுமில்லை.
கதவின் அடியோரத்தில் மட்டும்
உப்புக்காற்று தேமல்போல் படர்ந்திருந்தது.

பிறகு குழாயைக் கழற்றி
டர்போவின் குட்டி விசிறியை விரல்நுனியால் அசைத்தார்,
பிள்ளையின் பால்பல் ஆடுகிறதா என்று பார்ப்பதுபோல.
"வெளிய போற புகைதான் இதச் சுத்தும்.
இது சுத்துனாதான் உள்ள காத்து.
விட்ட மூச்சிலயே பிழைக்கிற பிறவி, மேடம்."
குழாயில் ஒரு சொட்டு எண்ணெய்.
"இந்த வயசுக்கு அது இருக்கும்."

ஈ.சி.ஆரில் கனகசெட்டிகுளம்வரை நான் ஓட்டினேன்,
இடுப்புக்குக் கீழே என் தலையணையோடு.
மிதித்தேன். ஒன்றும் நடக்கவில்லை,
காதில் விழாதவர்போல் ஒரு கணம்.
அப்புறம் யாரோ முதுகைப் பிடித்து
இருக்கையோடு அழுத்தினார்கள்.
சவுக்குத்தோப்பு மொத்தமும் பின்னால் போயிற்று.
சிரித்துவிட்டேன்.
பேரத்தில் அது தப்பு. ரவூஃப் இருமினார்.

திரும்பி வந்து நிறுத்தியபின்
கதவில் மூன்று பொத்தான்கள் கண்ணில் பட்டன.
ஒன்று: இருக்கை தாழ்ந்து பின்னால் போனது.
அவர் உயரம், அவர் கால்.
இரண்டு:
மோட்டார் முனகியது. முன்னே வந்தது,
இன்னும் முன்னே, மேலே.
கண்ணாடிகள் தலை சாய்த்து யாரையோ தேடின.
தலையணையை எடுத்துப் பின்சீட்டில் போட்டேன்.
ஐந்தடி தொடாத எனக்கு
முதல்முறையாக ஒரு காரின் பானட் முழுசாகத் தெரிந்தது.

"ஒரே ஆள் ஓட்டியது" என்றுதான்
விளம்பரத்தில் போட்டிருந்தார்.
நாற்பதாயிரமாவது குறைக்கலாம், அந்த ஒரு வரிக்கே.
வாயெடுத்தேன்.
அவர் ஜன்னலோரம் நின்று
ஸ்டியரிங்குக்கும் என் முழங்கைக்கும் நடுவே இருந்த இடத்தை
பார்த்துக்கொண்டிருந்தார்.
"அத அழிக்கிறது எப்படின்னு தெரியல.
எட்டரை சொன்னேன்ல, எட்டு குடுங்க.
நீங்களே மாத்திக்குங்க."

"மாத்தவேண்டாம் சார்" என்றேன்.
அதற்குமேல் எனக்கு வரவில்லை.

ரவூஃப்தான் துணியில் கை துடைத்தபடி
டிக்கியை மூடிவிட்டு வந்தார்:
"இன்னொரு சாவி எங்க சார்?
அது இல்லன்னா இருபது கொறையும்."