பதினேழு பாகம்

அச்சகத்தில் ஒன்றுக்கு மூவாயிரம் பெசோ என்றார்கள்.
ஐம்பத்திரண்டு பேர்.
லாசாரோ கைப்பேசியில் பெருக்கிப் பார்த்துவிட்டுத்
திரையை என் பக்கம் திருப்பினான்:
ஒரு முழு ஆட்டுக்குட்டி, சுடும் விறகோடு சேர்த்து.
"தாளைத் தின்ன முடியாது" என்றான்.
வெளியே வந்தோம்.
புந்தா அரேனாஸின் காற்று
தெருமுனை வரை எங்களைத் தள்ளிக்கொண்டு போனது.

துறைமுக அலுவலகத்தில் என் வேலை
வருகிற கப்பல்களின் பெயரைப் பதிவது.
காலாவதியான கடல் வரைபடங்களை
வருடக் கடைசியில் அங்கே தூக்கிப் போடுவார்கள்.
கெட்டித் தாள். பின்பக்கம் வெறும் வெள்ளை.
நான்கு கேட்டேன்.
கிடங்குக்காரர் சொன்ன விலை, ஓர் அழைப்பு.
ஆக, ஐம்பத்து மூன்று.

சமையலறை மேசையில் நீரிணையை விரித்து
ரொட்டிக் கத்தியால் அறுத்தோம்.
யாருக்கு எந்தக் கடல் என்று முதலில் யோசிக்கவில்லை.
பிறகு வேறெதையும் யோசிக்க முடியவில்லை.
யாத்ரன்காவுக்குக் கலங்கரை விளக்கம்,
மின்கட்டணம் கட்ட மறப்பவள்.
வீட்டுக்காரருக்குக் கப்பல் மூழ்கிய குறி.
லாசாரோவின் அம்மாவுக்கு
நங்கூரம் பாய்ச்சத் தோதான இடம் என்று அச்சிட்ட விரிகுடா.
"நீ பிழைத்துக்கொள்வாய்" என்றான்.

மை, காலாஃபாத்தே பழச்சாறும் கொஞ்சம் வினிகரும்.
கல்யாணம் வரை நிறம் தாங்கினால் போதும்.
எங்கள் பெயர்களை உருளைக்கிழங்கில் அவன்தான் செதுக்கினான்.
எழுத்தை இடவலம் மாற்ற வேண்டும் என்பது
ஆறு அட்டைகளுக்குப் பிறகே உறைத்தது.
அந்த ஆறும்
கண்ணாடி முன் அதிக நேரம் நிற்கும் நண்பர்களுக்கு.
முதல் கிழங்கு அன்றிரவு சூப்பில் போயிற்று.
என் பெயரின் பாதி அவன் கிண்ணத்தில் கிடைத்தது.

துணிக்கிளிப்புகளில் கடல் காய்ந்துகொண்டிருந்தது.
கடைசியாக மிஞ்சிய துண்டில்
கரையில்லை, தீவில்லை, விளக்கில்லை.
நடுவே ஒரே ஓர் எண்.
பதினேழு பாகம் ஆழம்.
அதை எடுத்து அப்பாவின் பெயரை எழுதினேன்.

எதிர்க்கரையில், போர்வெனீரில் இருக்கிறார்,
ஒரு படகோடும் இன்னொரு குடும்பத்தோடும்.
பதினோரு வருடம்.
அம்மாவிடம் நான் கேட்கவில்லை.
அவள்தான் எல்லா உறைக்கும் தபால்தலை ஒட்டினாள்,
நாக்கில் நனைத்து நனைத்து,
முகவரி எதையும் பார்க்காமல்.
அல்லது
பார்த்துவிட்டு.

வருகிறேன் என்று யாரும் எழுதவில்லை.
பாதிப் பேர் மீன்கடை வரிசையில் சொன்னார்கள்,
மீதிப் பேர் என்ன சமையல் என்று கேட்டார்கள்.
அப்பாவுக்குப் போன அட்டை மட்டும் திரும்பி வந்தது.
அதே அட்டை.
ஆள் இல்லை போலிருக்கிறது என்று
அடுப்படியில் போட்டுவிட்டுப் பாத்திரம் கழுவினேன்.
லாசாரோதான் திருப்பிப் பார்த்தான்.

கடல் இருக்கும் பக்கத்தில்
பதினேழைப் பென்சிலால் அடித்து
பதினான்கு என்று போட்டிருந்தது.
ஓரத்தில் அவருடைய சாய்ந்த கையெழுத்து:
"இது பழைய கணக்கு. மணல் ஏறிவிட்டது.
இதை நம்பி யாரும் படகு விட வேண்டாம்.
தேதி சரிதானா?"

தேதி சரி என்று எழுத
இன்னோர் அட்டை வேண்டும்.
வரைபடம் தீர்ந்துவிட்டது,
கிழங்கில் முளை கிளம்பிவிட்டது.
ரொட்டி சுற்றி வந்த காகிதத்தை நீவிவிட்டு
கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிறான் லாசாரோ,
"எவ்வளவு பெரிதாக வேண்டும்?"