பசை

ஒட்டியதும் நான்தான்.
இரண்டு ஆகஸ்டுக்கு முன்னால்,
தகரக் கூரைக் கிடங்கில், ஒரே ஒரு மேசை விசிறியோடு,
ஆயிரத்து நானூற்று ஆறு உயிரியல் புத்தகங்கள்.
அட்டையைத் திற. இடது மேல் மூலை. அழுத்து. தேய்.
அடுத்தது.
உயிர்களின் தோற்றம் பற்றி இந்நூல் சொல்வது ஊகமே,
எச்சரிக்கையோடு படிக்கவும் என்று
சிகரெட் பெட்டியில் இருப்பதுபோல ஒரு சீட்டு.

நல்ல காரியம் என்றுதான் நினைத்தேன்.
ஞாயிறு தவறாமல் மூன்றாம் வரிசையில் உட்காருகிறவள் நான்.
பாஸ்டர் ஹோலிஸ் டகெட்
படைப்பின் ஆறு நாட்களை விரல்விட்டு எண்ணுவார்.
ஆறாம் நாளுக்கு மறு கை வேண்டும்,
மறு கையில் பைபிள்.
அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
ஆதாமுக்கு ஒரு விரல் நீட்டுவார்.

ஒட்டும்போதே ஒன்று உறுத்தியது.
இயற்பியல் புத்தகங்களும் அதே லாரியில்தான் வந்தன.
ஆப்பிள் விழுவதற்கு
யாரும் சீட்டு அடித்துத் தரவில்லை.

இந்த மே மாதம் நீதிபதி எடுத்துவிடச் சொன்னார்.
ஒட்டினவளையே கூப்பிடு என்றார்கள்.
தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி,
சுண்ணாம்புக் கத்தியால் நெம்பி,
மிச்சப் பசைக்குப் பீனட் பட்டர்.
ஜார்ஜியாவில் எந்தக் கறைக்கும் அதுதான் மருந்து.

உரிக்கிறவளுக்கு அவசரமில்லை. புரட்டினேன்.
முந்நூற்று எண்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு திமிங்கிலம்.
காலே இல்லாத உடம்புக்குள்
இரண்டு சின்ன இடுப்பெலும்பு,
வேறெதோடும் சேராமல்,
வீடு மாற்றினவர்கள் விட்டுப்போன கதவுக் கீல்போல.
போன குளிர்காலத்தில் இதே கிடங்கில் ஏணியிலிருந்து விழுந்தேன்.
வாலெலும்பில் விரிசல் என்றார் டாக்டர்.
எனக்கேது வால் என்றேன்.
அவர் படத்தைத் திருப்பிக் காட்டினார்.

உயிரியல் டீச்சர் ஒடெட் ஃப்ரேசியர்
தன் பங்குக் கட்டுகளை எடுக்க வந்தாள்.
இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டேன்.
மழைமானியை நம்புகிறாயா என்று யாராவது கேட்பார்களா, லவோன்?
பார்க்கிறோம், குறிக்கிறோம்.
தப்புக் காட்டினால் தூக்கிப் போடுகிறோம்.
இன்னும் தூக்கிப் போட வேண்டி வரவில்லை, அவ்வளவுதான்.

அதே கேள்வியைப் பாஸ்டரிடம் திருப்பிக் கேட்டேன்.
எதைப் பார்த்தால்
நான் சொன்னது தப்பு என்று ஒத்துக்கொள்வீர்கள்?
என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு ஜெபித்தார்.
அன்பான கைகள்.
என் தாயை அடக்கம் செய்த அன்று பிடித்த அதே கைகள்.
ஆனால் பதில் அவற்றுக்குள் இல்லை.

ஒரு சீட்டின் மேல் பென்சிலால் ஏதோ பிள்ளை எழுதியிருந்தது:
இந்தப் புத்தகத்தை நான் இன்னும் படிக்கவே இல்லை.
அதை மட்டும் கிழியாமல் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஆயிரத்து நானூற்று ஐந்து திரும்பி வந்தன.
ஒன்று வரவில்லை.
எங்கோ ஒரு கட்டிலுக்கடியில், ஒரு பழைய காரின் பின்சீட்டில்,
அந்தச் சீட்டு என் கட்டைவிரல் அழுத்தத்தோடு
பத்திரமாக இருக்கும்.
மற்றவற்றில் மூலைக்கு ஒரு சாம்பல் சதுரம்.
எவ்வளவு தேய்த்தும் போகாத பசையில்
இப்போதே தூசி படியத் தொடங்கிவிட்டது.

மத்தியானம் கிடங்கு வாசலில், செம்மண்ணைப் பார்த்து,
வலிக்காத பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.
கண் மூடி, ஆண்டவருக்கு நன்றி சொல்லிவிட்டு
ரொட்டியை எடுத்தேன்.
அதே பீனட் பட்டர்.
கத்தியை மட்டும் மாற்றிக்கொண்டேன்.