முனை வரை

துணி துவைக்கும் இயந்திரத்தில்
துணி இல்லை, கடிதங்கள்.
அடுப்புக்குக் கீழே, பூட்ஸ் பெட்டிக்குள்,
குளிர்கோட்டின் உள்பையில்.
இரண்டு வருடம் எட்டு மாதமாக
எதையும் நான் பிரிக்கவில்லை.

த்ரியெஸ்தே துறைமுகத்தில்
காப்பி மூட்டைகளை எடை போடுகிறவன் நான்.
அறுபது கிலோவில் ஒரு பிடி குறைந்தாலும்
என் தோள் சொல்லிவிடும்.
ஒரு கவர் என்ன எடை இருக்கும்?
இருபது கிராம்.
அதைத்தான் தூக்க முடியவில்லை.

முதலில் போனது கோர்சோவில் ஒரு டாக்டரிடம்.
நல்ல மனுஷர். லாவெண்டர் தேநீர்,
கம்பளி போர்த்திய நாற்காலி.
நான் அழுதால் அவர் கண்ணும் நனையும்.
"உங்கள் வேகத்தில் வாருங்கள், துல்லியோ" என்பார்.
என் வேகம் எனக்குத் தெரியும்:
அது நின்றுகொண்டிருந்தது.
பதினான்கு மாதம். ஒவ்வொரு முறையும்
வெந்நீரில் குளித்தவனைப் போல வெளியே வருவேன்.
வீட்டில் தபால்பெட்டி வாய் பிதுங்கி நிற்கும்.

பிறகு ஒருவர். உட்கார்ந்ததும்
கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார்.
கட்டம் போட்ட தாள், நாளுக்கு மூன்று கவர்,
பிரித்தால் ஒரு டிக்.
நான் டிக் போட்டேன்.
அவரிடம் போகும் பேருந்தில் உட்கார்ந்து,
இரண்டு நிறப் பேனாவில், நம்பும்படியாக.
அவர் வரைந்த கோடு மேலே மேலே ஏறிற்று.
"பாருங்கள் முன்னேற்றத்தை!" என்றார்.
பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

நீவெஸ் ஜெர்யாலின் முகவரி தந்தது
கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் மிர்கோ.
"அந்தம்மா ஒரு மாதிரி," என்றான். "ஆனா போ."

மூன்றாம் மாடி. லிஃப்ட் பழுது.
சுவரில் சான்றிதழ் இல்லை, ஈரக்கறை இருந்தது.
கதையைத் தொடங்கினேன்,
சொல்லிச் சொல்லி வழவழத்துப்போன கதை:
மனைவி போனது, மகள் அவளோடு போனது,
வக்கீலின் முதல் கவர்.
முழுசாகக் கேட்டார்.
ஒரே ஒரு இடத்தில் "மறுபடி சொல்லுங்கள்" என்றார்.
நான் வேகமாகத் தாண்டிய இடம் அது.
கடைசியில்,
"அடுத்த செவ்வாய் ஒரு கவர் கொண்டுவாருங்கள்.
எதுவானாலும் சரி. பிரிக்க வேண்டாம்."

கொண்டுபோனேன். மேசையில் வைத்தோம்.
நாற்பது நிமிடம் எங்களுக்கு நடுவே
செத்த மீன் மாதிரி கிடந்தது.
அதற்கடுத்த வாரம், "முனையை மட்டும்."
குழந்தையா நான் என்று கத்தினேன்.
"இல்லை. பயந்திருக்கிறீர்கள்.
முனையை மட்டும்."
குரல் ஏறவுமில்லை, இளகவுமில்லை.
கிழித்தேன்.
அந்த அறைக்கு அது பெரிய சத்தம்.
எரிவாயு பில். நாற்பத்தொரு யூரோ.
சிரித்தேன்; சிரிப்பு பாதியில் வேறாகிவிட்டது.
தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்,
ஒன்றும் பேசவில்லை.
நான் மூக்கைத் துடைத்து முடித்தபின்
"இதை என்றைக்குக் கட்டப்போகிறீர்கள்?"

ஒரு செவ்வாய் போகவில்லை.
மறுவாரம் காய்ச்சல் என்று சொன்னேன்.
"நீங்கள் வராதது கவலையாக இருந்தது," என்றார்.
அதே மூச்சில், "காய்ச்சலா, கவரா?"
கவர்.

இன்னும் எத்தனை நாள் வர வேண்டும் என்று
ஒருமுறை எரிச்சலோடு கேட்டேன்.
காலண்டரை என் பக்கம் திருப்பினார்.
"தெரியாது. ஆனால் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்."

நேற்று போரா காற்று.
மலையிலிருந்து இறங்கி
நிறுத்திய ஸ்கூட்டர்களை வரிசையாகச் சாய்க்கும் காற்று.
அந்தக் காலத்தில் தெருவோரம் கயிறு கட்டுவார்களாம்,
பிடித்து நடக்க.
கயிறு யாரையும் தூக்கிக்கொண்டு போனதில்லை.
கோட்டைப் பொத்திக்கொண்டு மூன்று மாடி ஏறினேன்.
உள்பையில் ஊதா நிறக் கவர்,
மகளின் கையெழுத்து, உதினே முத்திரை.

நீவெஸ் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"இன்று எதுவரை?"
முதல்முறையாக என்னைக் கேட்கிறார்.
ஜன்னல் கதவு அடித்துக்கொண்டே இருந்தது.
"முனை வரை," என்றேன்.
கட்டைவிரல்
கொஞ்சம் தாண்டிவிட்டது.