பக்கக் கண்ணாடிக்குக் காலுறை

ராத்திரி வேலை முடிந்து
ஏழே காலுக்குக் கம்பெனி பஸ் என்னைப்
பாயா தெருபோங் முச்சந்தியில் உதிர்த்துவிட்டுப் போகும்.
வீட்டுக் கேட்டைத் திறக்கும் முன்
யார் யார் வந்துபோனார்கள் என்று பார்த்துவிடுவேன்.

இன்று பப்பாளியில் பாதி இல்லை.
கரண்டியால் வழித்ததுபோல் அத்தனை சுத்தம்,
தோல் மட்டும் கிண்ணமாகத் தொங்குகிறது.
மூசாங்தான்.
திருடிய இடத்தில் பாண்டான் இலை வாசம் விட்டுப்போகிற
ஒரே திருடன்.
மிளகாய்த் தொட்டிகளுக்கு இடையில்
நாசி லெமாக் வேகிற மாதிரி இருக்கிறது.

ஈர மண்ணில் நீளமாய் ஒரு கோடு,
இரு பக்கமும் விரல் பதிந்திருந்தால்
உடும்பு கால்வாயிலிருந்து ஏறி
சியூ கிம் ஆன்ட்டி வீட்டு நாயின் சோற்றுக்குப் போயிருக்கிறது.
நாய் அதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.
ஆன்ட்டி, பறவைக்கென்று ரம்புத்தான் மரத்தில்
பழைய சிடிகளைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்.
அவற்றில் கொண்டைக்குருவி
அலகைத் தீட்டிக்கொண்டிருக்கிறது.

எல்லோரும் வருகிறார்கள்.
நான் இல்லாதபோது வருகிறார்கள்.

இருவாச்சி மட்டும் எனக்காகக் காத்திருக்கும்.
எனக்காக என்றால், ஏழரைக்கு.
குணாளன் மோட்டாரில் வேலைக்குப் போய்விடுவார்,
ஞாயிறன்று மட்டும் வெளியே போகும் மைவியின்
பக்கக் கண்ணாடியில் அதற்கு ஒரு பகையாளி.
அதே மஞ்சள் அலகு, அதே தொப்பி, அதே கோபம்.
டொக்.
இவன் கொத்தும்போதெல்லாம் அவனும் கொத்துகிறான்.
டொக். டொக்.
கண்ணாடி மாற்ற நூற்றெண்பது வெள்ளியாம்.
'நகராண்மைக் கழகத்துக்குப் போன் போடு' என்றார் குணாளன்.
என்னவென்று போடுவது?
ஒரு பறவை தன்னோடு சண்டை போடுகிறது என்றா?

தொழிற்சாலையில்
தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை.
கண் மட்டும் வெளியே.
மூன்று வருடம் என் பக்கத்தில் நின்றவளுடைய முகத்தை
கான்டீனில்தான் முதன்முதலாகப் பார்த்தேன்,
மூக்குத்தி போட்டிருந்தாள்.
உள்ளே போகும் வாசலில் ஓர் ஆளுயரக் கண்ணாடி,
முடி ஒன்றும் வெளியே தெரியக்கூடாது என்பதற்கு.
அதில் யாரோ ஒருத்தி நிற்பாள்.
நான் அவளைக் கொத்தியதில்லை.
தூக்கக் கலக்கத்தில் ஒருமுறை
'நகருங்க அக்கா' என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகவே அந்தப் பறவையின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.
தர்வினின் பள்ளிக் காலுறை ஒரு ஜோடியை எடுத்து
இரண்டு கண்ணாடிக்கும் மாட்டினேன்.
மறுநாள் அது கேட்டின் மேல் உட்கார்ந்து
இந்தப் பக்கம் ஒரு கண், அந்தப் பக்கம் ஒரு கண்.
எதிரி எங்கே போனான்?
இவ்வளவு நாள் பழகிவிட்டு
சொல்லாமல் போவது என்ன முறை?

இடையில் ஒரு புதன்கிழமை,
பஸ் பழுதாகி, வீடு வர ஒன்பதரை.
மதிலில் ஒரு லோத்தோங்.
உடம்பெல்லாம் சாம்பல்,
கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளை வளையம்.
வேறொரு ஷிப்ட்காரி.
மடியில் குட்டி,
தாய்லாந்து டீயின் நிறத்தில்,
இந்த ஊரில் எதையும் இன்னும் நம்பாத நிறத்தில்.
என் செம்பருத்தியின் தளிர்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி
நிதானமாக மென்றுகொண்டிருந்தாள்.
கேட்டில் வைத்த கையை நான் எடுக்கவில்லை.
என்னை ஒருமுறை பார்த்தாள்,
கான்டீனில் இடம் தேடி வருகிறவளைப் பார்ப்பதுபோல்.
கொஞ்சம் நகர்ந்துகூட உட்கார்ந்தாள்.
பிறகு மின்கம்பியில் ஏறி
மலைப்பக்கம் போய்விட்டாள்.
கம்பி வெகுநேரம் ஆடியது.
அது நிற்கும்வரை
எனக்கு உள்ளே போகத் தோன்றவில்லை.

ஞாயிறு இரவு தர்வின் கேட்டான்,
'அம்மா, என் சாக்ஸ் எங்கே?'
'இருவாச்சி போட்டிருக்கிறது.'
அவன் சிரிக்கவில்லை. நாளைக்குப் பள்ளி.

துவைத்துக் காயவைக்க வேண்டியிருந்தது.
ஆனால் திங்கட்கிழமை காலை
காலுறை கழற்றிய கண்ணாடிப் பக்கம் அது போகவே இல்லை.
சமையலறை ஜன்னலைக் கண்டுபிடித்துவிட்டது.
இதில் எதிரி முழு உருவமாக இருக்கிறான்.
டொக்.
திரைச்சீலையை இழுத்துவிட்டுத்
தூங்கப்போக வேண்டிய நேரம்.
அதற்குப் பதிலாக, உள்ளேயிருந்து,
மோதிர விரலால் நானும் ஒரு தட்டு தட்டினேன்.

அது நிறுத்தியது.
தலையைச் சாய்த்தது.
முறை தவறித் தட்டுகிற எதிரியை
அது இதுவரை கண்டதில்லை.

பிறகு, இன்னும் பலமாக,
டொக்.